கேள்விக்குறி இல்லாத 'வந்துட்டீகளா'

குமுளியிலிருந்து கீழே இறங்கும் பேருந்தில் கைப்பேசிக்கு உயிர் வருவது லோயர் கேம்ப் தாண்டிய பிறகுதான். அதுவரை அது கேரளமா தமிழ்நாடா என்று முடிவு செய்யாமல் கிடக்கும். கார்த்திகை பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கே மலைப்பாதையில் மூடுபனி இறங்கிவிட்டது. எதிரே ஏறி வந்த வேன்களின் விளக்குகள் தெரிந்தன, வேன்கள் தெரியவில்லை. சரணம் சொல்லும் குரல்கள் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போயின. பக்கத்து இருக்கையில் சபரிமலைக்குப் போய்த் திரும்பும் ஒருவர், கறுப்பு வேட்டியோடு, என் தோளைத் தலையணையாக்கித் தூங்கிக்கொண்டிருந்தார். நானும் பாதித் தூக்கத்தில் இருந்தேன். அப்போதுதான் கைப்பேசி அடித்தது.

"சார், எங்கன இருக்கீக?"

ஃபிலோமினா சிஸ்டர். எங்கள் மருத்துவமனையின் குடிநோய்ப் பிரிவில் பல வருடங்களாக இருக்கும் நர்ஸ். ராயப்பன்பட்டிக்காரர்.

"பஸ்ல. லோயர் கேம்ப் தாண்டியாச்சு."

"உக்காந்துதான இருக்கீக?"

ஒரு நர்ஸ் இப்படிக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆயுளில் பாதியை மருத்துவமனையில் கழித்தவனுக்கு அது தெரியாதா.

"டாக்டரம்மா போயிட்டாக சார். ஓ.பி. முடிச்சுட்டு, பத்து நிமிசம் கண்ணை மூடிக்கிறேன், டீயை மூடி வைன்னாக. மூடி வச்சேன். திரும்பி வந்து எழுப்புறேன், எந்திரிக்கல. டீ இன்னும் சூடாத்தான் சார் இருந்துச்சு."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. தாகம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அது எந்தத் தாகம் என்று எனக்குத் தெரியும். அதற்குத் தண்ணீர் போதாது.

குடிநோய்ப் பிரிவை நடத்திவந்த டாக்டர் மெஹருன்னிசாவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரிடம் படித்தவர்கள், அவரிடம் காட்டி மருந்து வாங்கியவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லோருக்கும். நான் மயக்க மருந்து மருத்துவன். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. அவர் என்னைவிட எட்டு வயது இளையவர். நாங்கள் ஒரே கல்லூரியில் வேலை பார்த்த நண்பர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நான் அவருடைய நோயாளி. அவர் கைபட்டு எழுந்து, பதினோரு வருடம் குடிக்காமல் இருந்தவன். இனி அவர் இல்லாமலும் அப்படி இருப்பேனா என்பதுதான் அந்தப் பேருந்தில் எனக்கு எழுந்த ஒரே கேள்வி. செத்தவரைப் பற்றி நினைக்காமல் என்னைப் பற்றி நினைத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பக்கத்தில் தூங்கியவர் விழித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சாமி, ஒடம்புக்கு முடியலையா?" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் அழுகை வந்தது. அது மெஹருன்னிசாவின் சொல்.

எங்கள் பள்ளத்தாக்கில் கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட ஆண்கள் எல்லோரும் சாமி. வருடம் முழுக்க ஊர் சிரிக்கக் குடித்தவனும் துளசிமாலையைக் கழுத்தில் போட்டுவிட்டால் நாற்பத்தெட்டு நாள் தொடமாட்டான். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் பழைய இடத்தில்தான் போய் நிற்பான். இதைச் சொல்லி நாமெல்லாம் சிரிப்போம். அவர் சிரிக்கவில்லை. மாணவர்களிடம் கேட்பார்: "நாப்பத்தெட்டு நாள் சாமின்னு கூப்பிட்டாக, குடிக்கல. நாப்பத்தொம்பதாம் நாள் ஏலேன்னு கூப்பிட்டாக, குடிச்சுட்டான். இதுல மருந்து எதுன்னு நீங்களே சொல்லுங்க." அதனாலேயே, சித்திரையானாலும் ஆடியானாலும், தன் அறைக்குள் வரும் எவரையும் சாமி என்றே கூப்பிட்டார். உத்தமபாளையத்தில் கடை வைத்திருக்கும் அவர் அண்ணன் ஒருநாள், "என்ன புள்ள, போறவன் வர்றவனையெல்லாம் சாமிங்கிற?" என்று கேட்டாராம். "நீ கடைக்கு வர்றவனையெல்லாம் முதலாளிங்கிற. அவனுக்கெல்லாம் எந்த ஊர்ல ஆலை ஓடுது?" என்று இவர் திருப்பிக் கேட்டாராம்.

மாயாண்டியின் கதையை அவர் மாணவர்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கேட்டது பாதிதான் இருக்கும், ஏனென்றால் அதில் தன் பங்கை அவர் சொல்லமாட்டார். மாயாண்டி மயிலாடும்பாறைப் பக்கம் இலவம்பஞ்சு எடுத்து மூடை கட்டும் தொழிலாளி. தினமும் குடித்துக்கொண்டிருந்தவர், ஒரு கார்த்திகையில் திடீரென்று நிறுத்தி மாலை போட்டார். மூன்றாம் நாள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கண் எங்கேயோ சொருகி நின்றது. இரண்டு கைகளாலும் காற்றில் எதையோ கிள்ளிக் கிள்ளி எடுத்தார். ஐயப்பன் இறங்கிவிட்டான், காற்றிலிருந்து திருநீறு எடுக்கிறான் என்று ஊர் கூடிவிட்டது. அவர் நீட்டிய வெறுங்கையிலிருந்து ஒன்றுமில்லாததை எடுத்துப் பெண்கள் நெற்றியில் பூசிக்கொண்டார்கள். குருசாமியும் கற்பூரம் ஏற்றிவிட்டார்.

முகாமுக்காக அந்தப் பக்கம் போயிருந்தோம். ஆள் போய்ச் சொன்னதும் மெஹருன்னிசா கூட்டத்துக்குள் நுழைந்தார். இது அருள் இல்லை, குடியைச் சட்டென்று விட்டதால் வந்த சன்னி, இப்படியே விட்டால் உயிர் போகும் என்று அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். நானாக இருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். கல்லடியும் பட்டிருப்பேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மாயாண்டி முன்னால் போய் முந்தானையை விரித்து நின்றார். மாயாண்டி கிள்ளியதையெல்லாம் அதில் போட்டார். அரை மணி நேரம் போலப் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் பிடித்துக்கொண்டிருந்தது பறக்கிற பஞ்சு என்று அந்த ஊரில் கண்டுபிடித்த ஒரே ஆள் இவர்தான்.

பிறகு முந்தானையை முடிந்துகொண்டு சொன்னார்: "சாமி, மூடை கட்டியாச்சு. வண்டி நிக்குது. ஏத்திருவமா?"

"ஏத்திருவோம்" என்று மாயாண்டி எழுந்து நடந்துவந்து எங்கள் ஜீப்பில் ஏறிக்கொண்டார். வண்டிக்குள்தான் ஊசி போட்டோம். தேனி வந்து சேரும் வரைக்கும் மெஹருன்னிசா அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. "அவிழ்த்தா பறந்துரும்ல சார்" என்று என்னிடம் சொன்னபோது அவர் விளையாடுகிறாரா நிஜமாகவே சொல்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதன் பிறகு ஐப்பசி தோறும் குருசாமிகளைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்வார். "மாலை போடுங்க, வேண்டாங்கல. தினமும் குடிக்கிற சாமியா இருந்தா பத்து நாளைக்கு முன்னால எங்கிட்ட அனுப்பிட்டுப் போடுங்க" என்பதுதான் கோரிக்கை. முதலில் முறைத்தார்கள். பிறகு அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்து சில குருசாமிகளே வந்தார்கள்.

மாணவர்களிடம் அவர் அடிக்கடி சொன்னது இது: "கனாக் காண்றவன்கிட்டப் போயி, இது கனான்னு சொல்லாதீக. அவன் பார்க்கிற வேலையில பாதியை நீங்க வாங்கிக்கங்க. மிச்சத்தை ஊசி பார்த்துக்கிரும்." குடியை நிறுத்தி மூன்றாம் நாள் சன்னி காண்கிற மனிதன் பேயையோ சாமியையோ பார்ப்பதைவிடத் தன் வேலையைப் பார்ப்பதுதான் அதிகம் என்பார். பஸ் டிரைவர் கட்டிலில் உட்கார்ந்து வளைவுகளில் ஸ்டியரிங் ஒடிப்பார். ஏலக்காய்த் தோட்டத்துக்காரர் காலில் அட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருப்பார். மதிய நேரத்தில் அவருடைய வார்டுக்குள் போனால், இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அங்கே கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவது போல இருக்கும்.

அவர் மகான் இல்லை. மகான் என்று யாராவது எழுதினால் நான் சண்டைக்கு வருவேன். கோபக்காரர். மீட்டிங்கில் தூங்குவார். கையெழுத்து மருந்துக்கடைக்காரருக்கே விளங்காது. ஒரு நாளைக்கு எட்டு டீ குடித்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு இருக்கணும்ல சார்" என்பார். கைப்பையில் பன்னீர் திராட்சையைப் போட்டுக்கொண்டு வந்து, அது நசுங்கி, நோயாளிகளின் சீட்டெல்லாம் ஊதா நிறமாகும். ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார். ஒருவரிடம் அத்தாவின் பீடிப்பழக்கம், இன்னொருவரிடம் மார்க் குறைந்துபோனது, என்னிடம், "வேற டிபார்ட்மென்ட்ல எல்லாம் பேஷண்ட் பொய் சொல்லமாட்டாக சார், போரடிக்கும்." எது உண்மை என்று கேட்க இனி ஆள் இல்லை.

அவர் வகுப்புகளில் எனக்கு மறக்காதது ஒரே ஒரு சொல்லை வைத்து ஒரு மணி நேரம் நடத்திய வகுப்பு. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "நல்லாயிட்டேன்னு கையெடுத்துக் கும்பிட்டுப் போன ஒருத்தர், ஆறு மாசம் கழிச்சு மறுபடி குடிச்சுட்டு வாசல்ல வந்து நிக்கிறார். நீ என்ன சொல்லுவ?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரும் நம் ஊர் வழக்கப்படி ஒன்றையேதான் சொன்னார்கள். வந்துட்டீகளா.

"இதுல முள்ளு இருக்கு" என்றார். "பிரசவத்துக்கு வந்த மகள்கிட்டயும் வந்துட்டியான்னுதான் சொல்றோம். புருசன்கிட்டச் சண்டை போட்டு வந்த மகள்கிட்டயும் அதேதான் சொல்றோம். சொல்லு ஒண்ணுதான். எது எதுன்னு மகளுக்குத் தெரியும். இந்த வாசலுக்கு வர்றவர் வழி பூராம் தன்னைத்தானே ஆயிரம் தடவை அந்தக் கேள்வியைக் கேட்டுட்டுத்தான் வர்றார். நீ வேற கேக்கணுமா? கேள்விக்குறியை எடுத்துட்டுச் சொல்லு."

சொல்லிப் பார்த்தார்கள். அன்றைக்கு அதிகம் திணறியவர் கயல்விழி. மனநல மேற்படிப்பில் சேர்ந்திருந்த அல்லிநகரத்துப் பெண். அப்பா காய்கறி மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவர், அந்தக் குரல் அப்படியே மகளுக்கு. எத்தனை முறை சொன்னாலும் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தது போலவே வந்தது. "ஏலம் போடாதம்மா" என்றார் மெஹருன்னிசா. வகுப்பே சிரித்தது. பதினைந்தாவது தடவை கயல்விழி அழுதுவிட்டார். அதற்கும் அவர் விடவில்லை. "பரவாயில்ல, வீட்ல போயி சொல்லிப் பாரு. நாய்க்குட்டிகிட்டச் சொல்லிப் பாரு. அது வாலாட்டுச்சுன்னா எங்கிட்ட வந்து சொல்லு" என்று அனுப்பினார்.

இப்போது என் கதை. பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் காலையில் கை நடுக்கத்தை நிறுத்தக் கொஞ்சம் குடித்துவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தேன். வெளியே யாருக்கும் தெரியாது என்பது என் நினைப்பு. ஒருநாள் நடைபாதையில் மெஹருன்னிசா என்கூடவே நடந்துவந்து, மெதுவாகச் சொன்னார்: "உங்க கையைப் பார்த்தேன் சார். நாளையில இருந்து ஆபரேஷன் தியேட்டருக்குப் போகாதீக. எங்கிட்ட வாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் என்ன குடிகாரனா? நேற்று வந்த பெண் எனக்குச் சொல்வதா? ஒரு வாரம் லீவு போட்டேன். ஒரு சொட்டுத் தொடாமல் இருந்து காட்டுகிறேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். படித்துப் பட்டம் வாங்கி, இதையெல்லாம் பரீட்சையில் எழுதித் தேறிய மருத்துவன், மாயாண்டி செய்த அதே காரியத்தைச் செய்தேன். அவருக்காவது கழுத்தில் மாலை இருந்தது. எனக்கு இருந்தது வீம்பு மட்டும்தான்.

மூன்றாம் நாள் மதியம் என் வீட்டுக் கூடம் ஆபரேஷன் தியேட்டர் ஆனது. மேல்விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் திராட்சைப் பந்தல். கொத்துக் கொத்தாகத் தொங்கியது, ஒவ்வொரு பழத்துக்குள்ளும் சின்ன வெளிச்சம். கீழே மேசையில் பச்சைத் துணி மூடிய ஒரு ஆள். முகம் தெரியவில்லை. மூச்சு விடுகிற இயந்திரம் நின்றுவிட்டது. நான் கையால் காற்றுப்பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். விட்டால் ஆள் போய்விடுவான். யாரைக் கூப்பிட்டாலும் வரவில்லை. மழை பெய்கிற சத்தம் கேட்டது, ஆனால் பழங்கள்தான் விழுந்துகொண்டிருந்தன.

என் மனைவி போன் செய்து மெஹருன்னிசா வந்திருக்கிறார். வெறும் காற்றை அமுக்கிக்கொண்டிருந்த என் கைகளைப் பார்த்திருக்கிறார். எனக்கு நினைவிருப்பது பந்தலுக்குக் கீழே அவர் வந்து நின்றதுதான்.

"எவ்வளவு நேரமா அமுக்குறீக சார்?"

"காலையில இருந்து. ஆளே வரல."

"கை கடுக்குமே. தாங்க, நான் பிடிக்கிறேன். நீங்க எண்ணிக்கிட்டு மட்டும் இருங்க."

என் கைகளுக்கு மேல் தன் கைகளை வைத்து, இல்லாத பையை வாங்கிக்கொண்டார். அதே கணக்கில் அமுக்கினார். தப்பே இல்லை. நான் எண்ணினேன். மயக்க ஊசி போடும்போது, ஒண்ணிலிருந்து எண்ணுங்க என்று எத்தனையோ ஆயிரம் பேரிடம் சொன்னவன் நான். என்னை யாரும் எண்ணச் சொன்னதில்லை. எப்போது ஃபிலோமினா சிஸ்டர் ஊசி போட்டார் என்று தெரியாது. பதினேழு வரை எண்ணியது நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது இரண்டு நாள் போயிருந்தது. பக்கத்தில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பேஷண்ட்?"

"நல்லாருக்காரு" என்றார். "அவர்கிட்டதான் பேசிக்கிட்டு இருக்கேன்."

வெளியே டைபாய்டு என்று சொல்லிவிட்டார்கள். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். உடம்பும் மனசும் நேரானபிறகும் ஒரு வருடம் வரை என்னை மயக்க மருந்துப் பக்கம் விடவில்லை, படிப்பு சொல்லிக் கொடுக்கச் சொன்னார். அந்த வருடத்திலிருந்து தன் மாணவர்கள் முன்னால் ஒரு தடவை வந்து பேசும்படி என்னைக் கேட்பார். "டாக்டரே சொன்னா அவுகளுக்குப் புத்தி வரும் சார். நான் சொன்னா அது கோள். நீங்க சொன்னா அது பாடம்." அடுத்த வருசம் பார்க்கலாம் என்பேன். "சரி, அடுத்த வருசம்" என்பார். நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வருடமும் கேட்டார், ஒவ்வொரு வருடமும் அதையேதான் சொன்னேன். முகம் சுளித்ததே இல்லை. அந்த 'சரி'யில் என்ன இருந்தது என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

மறுநாள் காலை உத்தமபாளையத்தில் அடக்கம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தெரு முழுக்க அவருடைய சாமிகள். பள்ளிவாசல் மதிலோரம் மாயாண்டி நின்றார். கறுப்பு வேட்டி இல்லை, கழுத்தில் மாலையும் இல்லை. மறுபடி குடித்துவிட்டாரோ என்று நினைத்தேன். கார்த்திகை முதல் நாளே அவர் மாலை போட்டதாக ஃபிலோமினா சிஸ்டர் சொல்லியிருந்தார்.

"மாலை எங்க மாயாண்டி?"

"கழட்டிட்டேன் சார். ரத்த சொந்தம் செத்தா மாலையைக் கழட்டணும்ல, அதான் முறை."

"இந்த வருசம் மலைக்கு?"

"அடுத்த வருசம் போய்க்கிறலாம். மாலை இல்லாமயே இருந்துக்கிருவேன்னு அவுகளுக்குக் காட்டணும்ல சார்" என்றார்.

மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தேன். ஈரமண், கையிலேயே ஒட்டிக்கொண்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் கல்லூரியில் இரங்கல் கூட்டம். உங்களில் பலர் இருந்தீர்கள். ஒருவர் பேசும்போது, "டாக்டர் சாருக்கு டைபாய்டு வந்தப்ப மேடம் கூடவே இருந்து பார்த்துக்கிட்டாங்க" என்று சொல்லி என் பக்கம் கைகாட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையாட்டினேன். பிறகு நானும் எழுந்து நல்ல சக ஊழியர், நல்ல ஆசிரியர் என்று நாலு வார்த்தை அழகாகப் பேசிவிட்டு உட்கார்ந்தேன். அவரைப் புதைத்தது வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை நான் புதைத்தேன்.

அன்று மாலை குடித்தேன். காரை வைகை அணைக்குப் போகும் ரோட்டில் ஓரமாக நிறுத்தி, ஒரு குவார்ட்டர். பதினோரு வருடம் அதோடு போயிற்று. ருசியைப் பற்றியோ மயக்கத்தைப் பற்றியோ சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு வெளியே வெயில் மஞ்சளாகி, எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல அசைந்தது. என் கை தானாக எதையோ அமுக்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. என் மனைவியைக் கூப்பிட்டேன். மச்சினனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் காரை ஓட்டிவர, அவள் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள்.

புதன்கிழமை காலை குடிநோய்ப் பிரிவு ஓ.பி.க்குப் போனேன். டாக்டர்கள் போகிற பக்கவாசல் எனக்கு நன்றாகத் தெரியும். அன்று அதில் போகவில்லை. சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க சாமி, ஈரமா இருக்கு" என்றார். யாராவது என்னைக் கண்டபடி திட்டினால் நன்றாக இருக்கும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

உள்ளே மெஹருன்னிசாவின் நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு கயல்விழி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"சார், நீங்க ஏன் லைன்ல? ஃபிலோமினா சிஸ்டரைப் பார்க்கணுமா?"

"பார்க்க வரலம்மா. காட்ட வந்திருக்கேன்."

அவருக்கு விளங்கவில்லை. நான் கையிலிருந்த சீட்டை மேசையில் வைத்தேன். "பதினோரு வருசமா நான் உங்க மேடத்தோட பேஷண்ட். நேத்துக் குடிச்சுட்டேன்."

ஃபிலோமினா சிஸ்டர் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கயல்விழி சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த ஏலக்கடைக் குரல் எப்படி வரப்போகிறதோ என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"வந்துட்டீகளா" என்றார். "வாங்க, உக்காருங்க."

கேள்விக்குறி இல்லை. மருந்துக்குக்கூட முள் இல்லை. பிரசவத்துக்கு வந்த மகளை வாசலில் பார்த்தது போல இருந்தது அந்தக் குரல். நான் உட்கார்ந்துகொண்டு அழுதேன். ஃபிலோமினா சிஸ்டர் ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்து, அதைச் சீட்டால் மூடினார்.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போய் கயல்விழியிடம் கேட்டேன். மாணவர்கள் முன்னால் நின்று என் பெயரைச் சொன்னேன். "எனக்கு டைபாய்டு வந்ததே இல்லை" என்று ஆரம்பித்தேன். சிரித்தார்கள். ஒரு மணி நேரம் பேசினேன். எட்டு தடவை தள்ளிப்போட்டிருக்கிறேன். அந்த எட்டில் ஒரு தடவையாவது அவர் பின்வரிசையில் உட்கார்ந்து தூங்கியபடி கேட்டிருக்கலாம். அந்தக் குறை எனக்குச் சாகிறவரை இருக்கும்.

குடிக்காமல் இன்றைக்குப் பதினேழாம் நாள். அன்றும் பதினேழு வரைதான் எண்ணினேன், அதற்கு மேல் எண்ண வேண்டியிருக்கவில்லை. அவருடைய புத்தகங்கள் நூலகத்துக்குப் போயின. டீ டம்ளரை ஃபிலோமினா சிஸ்டர் வைத்துக்கொண்டார். மாயாண்டி மாலை இல்லாமலே இருக்கிறார், போன புதன்கிழமை பெஞ்சில் பார்த்தேன். நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு சொல். இனிப் புதன்கிழமைகளில் அந்த வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது அங்கே வரவேண்டியிருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு பக்கவாசலைத் தேடாதீர்கள். நேரே வாருங்கள். சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறேன்.

வந்துட்டீகளா சாமி. வாங்க.